சர்வர் அறைச் சொற்கள்: பழுது வேறு, பிழை வேறு, செயலிழப்பு வேறு

கூடம்12 | பதிவு 1

சர்வர் அறைக்கான செயல்முறை அட்டை ஒன்றைத் தமிழில் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ரேக் (சர்வர்களை அடுக்கும் சட்டம்) கதவின் உட்புறம் ஒட்டுவது. ஏ4 தாள், இரண்டு பக்கம். இரவுப் பணியில் தனியாக இருப்பவர் அதைப் பார்த்தே வட்டு மாற்ற வேண்டும், மின்வழங்கி மாற்ற வேண்டும். திரையில் வரும் செய்தி ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதற்கு என்ன பொருள், அடுத்து கை எங்கே போக வேண்டும் என்பதை அட்டை சொல்ல வேண்டும்.

முதல் வரைவில் ‘ஃபால்ட்’, ‘எரர்’, ‘ஃபெயிலியர்’ மூன்றுக்கும் ‘பிழை’ என்றே போட்டிருந்தது. ‘ஹாட் ஸ்பேர்’ என்பது ‘சூடான உதிரி’ ஆகியிருந்தது. ‘ரிடன்டன்சி லாஸ்ட்’ என்பது ‘மிகைமை இழப்பு’. படிப்பவருக்கு இதில் ஒன்றுமே விளங்காது. கீழ்க்கண்டவற்றுக்கு நல்ல சொல் வேண்டும்: ஃபால்ட் டாலரன்ட், ரிடன்டன்ட், ஹாட் ஸ்வாப், ஹாட் ஸ்பேர், டிகிரேடட், ரீபில்ட், ஃபெயில்ஓவர், ஸ்பிளிட் பிரெய்ன், கோரம். தமிழாக்குவதைவிட ஒலிபெயர்ப்பாகவே விடுவது நல்லது என்றால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள்.

செம்பியன் | பதிவு 2

முதல் மூன்றையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தத் துறையில் அவை ஒரு சங்கிலி.

பழுது: பொருளில் இருக்கும் கேடு. வட்டின் ஒரு செக்டார், அதாவது தரவு எழுதும் ஒரு சிறு துண்டு, கெட்டிருக்கிறது. யாரும் அதைப் படிக்காதவரை வெளியே தெரியாது.

பிழை: அந்தப் பழுது வேலைக்குள் தலைகாட்டுவது. அந்தச் செக்டாரைப் படிக்கக் கேட்டோம், தரவு வரவில்லை அல்லது தவறாக வந்தது.

செயலிழப்பு: பயனருக்கு வாக்களித்த சேவை நின்றுபோவது.

பழுது தாங்கும் அமைப்பு என்றால் பழுது இருக்கும், பிழையும் வரும், ஆனால் செயலிழப்பு வரை போகாது. ஆகவே ‘ஃபால்ட் டாலரன்ட்’ என்பது ‘பழுது தாங்கும்’. ‘பிழை பொறுக்கும்’ வேண்டாம். ‘வழு’ என்பதை மென்பொருள் ‘பக்’குக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. மேசைக் கணினிக்கான சாட்டா வட்டுகள் சில, கெட்ட செக்டாரைப் படிக்க இரண்டு நிமிடத்துக்கும் மேலாக முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் இயல்பாக 30 நொடிதான் காத்திருக்கும். பிறகு இணைப்பை மீட்டமைக்கும். கடைசியில் ரெய்டு அடுக்கு (பல வட்டுகளை ஒரே தொகுப்பாக இயக்குவது) அந்த வட்டையே வெளியே தள்ளிவிடும். நடந்தது ஒரே ஒரு செக்டார் பழுது. பதிவேட்டில் நிற்பதோ ‘வட்டு செயலிழந்தது’. சர்வருக்கான வட்டுகளில் இந்த முயற்சிக்கு வரம்பு உண்டு, பெரும்பாலும் 7 நொடி. ‘ஸ்மார்ட்கன்ட்ரோல்’ கட்டளையின் ‘எஸ்சிடி-ஈஆர்சி’ விருப்பத்தில் 70, 70 என்று கொடுத்தால் அதே 7 நொடி வரும்; அலகு நொடியில் பத்தில் ஒன்று. பல வட்டுகளில் மின்சாரம் போய் வந்தால் இந்த அமைப்பு அழிந்துவிடும், எனவே ஒவ்வொரு தொடக்கத்திலும் ஓடும்படி வையுங்கள். வட்டு இதை ஏற்காவிட்டால் கெர்னலின் காத்திருப்பை 180 நொடியாக உயர்த்துங்கள்.

வடலி | பதிவு 3

வணக்கம். நாங்கள் சர்வரை ‘வழங்கி’ எண்டுதான் எழுதுறனாங்கள், அதை விட்டுவிடுவம்.

‘மிகைமை’ எண்ட சொல்லை எடுத்துவிடுங்கோ. மிகை எண்டால் தேவைக்கு மேல கிடக்கிறது, குறைச்சாலும் பரவாயில்லை எண்ட எண்ணம் வரும். செலவைக் குறைக்கிற ஆள் முதலில் அதிலதான் கை வைப்பார். லொறியின்ர பின் அச்சில பக்கத்துக்கு இரண்டு டயர் இருக்கிறதை ஆரும் மிகை எண்டு சொல்லுறதில்லை. ஒண்டு வெடிச்சால் மற்றது தாங்கும், லொறி ஓரமாய்ப் போய் நிக்கும்.

என்ர யோசனை: பண்புப் பெயரை மொழிபெயர்க்காமல் அளவைச் சொல்லுங்கோ. ‘என் கூட்டல் ஒன்று’ எண்டதுக்குத் ‘தேவைக்கு ஒன்று கூடுதல்’. ‘இரண்டு என்’ எண்டதுக்குத் ‘தேவைக்கு இருமடங்கு’. திரையில ‘ரிடன்டன்சி லாஸ்ட்’ எண்டு வந்தால் அட்டையில ‘இப்ப மாற்றுத் துணை இல்லை, இன்னொண்டு போனால் நிண்டுவிடும்’ எண்டு இருக்கவேணும். நீளம்தான், ஆனால் படிக்கிற ஆளுக்கு நிலைமை விளங்கும்.

மின்தடம் | பதிவு 4

வடலி சொன்னதை மின்சாரத்தில் வைத்துப் பாருங்கள். அட்டையில் எண் இல்லாமல் ‘இரட்டை மின்வழங்கி உண்டு’ என்று மட்டும் எழுதினால் அது ஏமாற்றும்.

ஒரு சர்வரில் 800 வாட் மின்வழங்கி இரண்டு. சர்வர் உச்சத்தில் 600 வாட் இழுத்தால் அது தேவைக்கு ஒன்று கூடுதல். பிற்பாடு ஜிபியு அட்டை ஒன்று செருகி உச்சம் 950 ஆகிவிட்டால், அதே இரண்டும் இப்போது தேவைக்குச் சரி. பெட்டியில் எதுவும் மாறியதாகத் தெரியாது, பின்னால் பச்சை விளக்கு இரண்டும் எரியும், துணை மட்டும் போய்விட்டது.

ரேக் அளவிலும் இதே கதைதான். அ வழி, ஆ வழி என்று இரண்டு மின்பாதை, ஒவ்வொன்றும் 230 வோல்ட், 16 ஆம்பியர் பிரேக்கர். தொடர் சுமைக்கு 80 விழுக்காடு என்று கொண்டால் 12.8 ஆம்பியர். அந்த 12.8 இரண்டு வழிக்கும் சேர்த்து. ஆக, இரண்டும் நன்றாக இருக்கும்போது ஒவ்வொன்றிலும் 6.4 ஆம்பியருக்கு மேல் காட்டக் கூடாது. பலர் ஒவ்வொன்றிலும் 12 வரை ஏற்றிவிட்டு, ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்பார்கள். அ வழி போனதும் ஆ வழியில் 24 ஆம்பியர். பிரேக்கர் அந்த நொடியே விழாமல் சில நிமிடம் தாங்கி விழலாம்; அதனால் இரண்டு நிகழ்வையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அட்டையில் சேர்க்க வேண்டியவை: பீடியு (ரேக்குக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பட்டை) திரையில் 6.4ஐத் தாண்டினால் தெரிவி. ஒரே சர்வரின் இரண்டு கம்பியும் ஒரே பீடியுவில் செருகப்படவில்லை என்று பார். அ வழிக்குச் சிவப்புக் கம்பி, ஆ வழிக்கு நீலக் கம்பி என்று வைத்தால் கண்ணுக்கே தெரியும். ஒற்றை மின்கம்பி உள்ள வலைப்பின்னல் ஸ்விட்சுக்கு ரேக்கில் பொருத்தும் தானியங்கி மாற்று ஸ்விட்ச் வேண்டும். சி13 கம்பி தானாகத் தளர்ந்து வெளியே வரும். பூட்டு உள்ள கம்பி வாங்குவது நல்லது.

செம்பியன் | பதிவு 5

‘ஹாட்’ என்பதில் சூடு எதுவும் கிடையாது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பொருள். ‘ஹாட் ஸ்வாப்’ என்பது ‘ஓடும்போதே மாற்றல்’. அட்டையில் இன்னும் நேராக: ‘சர்வரை அணைக்காதே, அப்படியே மாற்று’. மாற்ற முடியாதவற்றுக்கு ‘அணைத்து மாற்று’. கைப்பிடி நிறத்தையும் குறித்துவிடுங்கள். பல தயாரிப்புகளில் ஓடும்போது தொடத்தக்கதற்கு ஒரு நிறம், அணைத்துவிட்டுத் தொட வேண்டியதற்கு வேறு நிறம்.

ஓடும்போதே மாற்ற முடிவது சும்மா வருவதில்லை. சாட்டா, சாஸ் இணைப்பியைக் கிட்டத்தில் பாருங்கள், ஊசிகள் ஒரே நீளத்தில் இருக்காது. வட்டைச் செருகும்போது எர்த் ஊசி முதலில் தொடும், பிறகு மின்தேக்கிகளை மெதுவாக நிரப்பும் ஊசிகள், அதற்கப்புறம் மற்றவை. அதனால்தான் பொறி பறப்பதில்லை, பக்கத்து வட்டின் மின்னழுத்தமும் சரிவதில்லை. வட்டைப் பாதி செருகி நிறுத்தாமல் ஒரே சீராக உள்ளே தள்ளிக் கைப்பிடியை மூட வேண்டும் என்று அட்டையில் எழுதுவது இதனால்தான்.

‘ஸ்பேர்’ என்பதற்கு நம்மிடம் தெருவிலேயே சொல் இருக்கிறது: ஸ்டெப்னி. அது வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய சக்கர நிறுவனத்தின் பெயர், இங்கே பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. பெட்டியிலேயே செருகிக் காத்திருக்கும் வட்டு ‘பொருத்திய ஸ்டெப்னி’, அலமாரியில் இருப்பது ‘அலமாரி ஸ்டெப்னி’. முதலாவது தானே வேலைக்கு வரும், இரண்டாவதை ஆள் போய் எடுத்து வர வேண்டும். இந்த வேறுபாடு ‘சூடான’, ‘குளிர்ந்த’ என்பதில் கிடைக்காது.

கூடம்12 | பதிவு 6

ஸ்டெப்னி அருமை. இலங்கையில் விளங்குமா?

வடலி | பதிவு 7

எல்லாருக்கும் விளங்கும் எண்டு சொல்லமாட்டன். ‘பொருத்திய உதிரி’, ‘அலமாரி உதிரி’ எண்டு போட்டால் இரண்டு பக்கமும் சரி.

நிலைவட்டு | பதிவு 8

வட்டுப் பகுதிக்கு வருகிறேன். இங்கேதான் தவறான சொல் தரவையே அழிக்கும்.

கண்ணாடி ரெய்டில், அதாவது ஒரே தரவை இரண்டு வட்டில் வைப்பதில், ஒரு வட்டு போன நிலையை ‘ரசம் போன கண்ணாடி’ என்று தமிழில் இயல்பாகச் சொல்லலாம். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் புது வட்டுக்குத் தரவை நிரப்புவதை ‘ரீசில்வர்’ என்கிறார்கள். அதுவும் கண்ணாடிக்கு மறுபடி ரசம் பூசுவதுதான். பேச்சுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் ரெய்டு 5, 6 இரண்டிலும் கண்ணாடி இல்லை; போன வட்டின் தரவை மற்ற வட்டுகளிலிருந்து கணக்கிட்டு மீட்கும். அட்டைக்குப் பொதுவாக ‘டிகிரேடட்’ என்பதைக் ‘குறைநிலை’ என்றும், ‘ரீபில்ட்’ என்பதை ‘மீள்நிரப்பல்’ என்றும் வைக்கலாம். ‘மறுகட்டுமானம்’ என்றால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக அமைப்பது என்று ஒருவர் நினைக்கக்கூடும். அந்த நினைப்பில் ‘கிரியேட்’ கட்டளை கொடுத்தால் முடிந்தது கதை.

வினைச்சொற்களையும் கறாராக வையுங்கள். ‘அகற்று’ என்பது மென்பொருளிலா, கையாலா? நான்கு வேலைக்கு நான்கு சொல்: தொகுப்பிலிருந்து விலக்கு, பெட்டியிலிருந்து உருவு, பெட்டியில் செருகு, தொகுப்பில் சேர்.

லினக்ஸ் மென்ரெய்டுக்கான (மென்பொருளே நடத்தும் ரெய்டு) வரிசை:

முதலில் ‘எம்டிஸ்டாட்’ கோப்பைப் படி. நலமான வட்டுக்கு ‘யூ’ எழுத்தும், போனதற்கு ஒரு கீழ்க்கோடும் இருக்கும். எந்தச் சாதனப் பெயர் என்று குறித்துக்கொள்.

அந்தப் பெயருக்கான வரிசை எண்ணை ‘ஸ்மார்ட்கன்ட்ரோல்’ மூலம் எடு. சாதனப் பெயர் மறுதொடக்கத்தில் மாறும், வரிசை எண் மாறாது. வட்டைத் தாங்கும் தட்டின் முகப்பில் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டி வைத்திருந்தால் இங்கே உயிர் காக்கும்.

‘லெட்கன்ட்ரோல்’ மூலம் இடங்காட்டும் விளக்கை எரியவிடு. விளக்கும் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒத்துப்போனால் மட்டும் அடுத்த படி.

‘எம்டிஅட்ம்’ கட்டளையில் அந்த வட்டைப் பழுது என்று குறி, பிறகு விலக்கு. பிழைச் செய்தி வந்தால் நிறுத்து, உருவாதே.

கைப்பிடியைத் திறந்து வட்டை ஒரு விரல் அளவு இழு. சுழற்சி நிற்க அரை நிமிடம் விடு. பிறகு முழுதும் உருவு. புதியதைச் செருகு. கொள்ளளவு பழையதைவிடக் குறைந்திருக்கக் கூடாது. ஒரே ‘12 டெராபைட்’ என்றாலும் செக்டார் எண்ணிக்கையைச் சரிபார்.

தொகுப்பில் சேர். ‘எம்டிஸ்டாட்’டில் விழுக்காடு ஏறத் தொடங்கினால்தான் வேலை தொடங்கியது.

வட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை, கெட்ட செக்டார்தான் கூடுகிறது என்றால் விலக்கவே வேண்டாம். காலியாக ஒரு இடம் இருந்தால் புதியதைச் செருகி ‘ரீப்ளேஸ்’ விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். பழையதிலிருந்து நேராகப் புதியதற்குப் படியெடுக்கும். படிக்க முடியாத இடத்துக்கு மட்டும் மற்ற வட்டுகளிடம் கேட்கும். அந்த நேரம் முழுவதும் தொகுப்பு குறைநிலைக்குப் போகாது.

எழில்நிரல் | பதிவு 9

மீள்நிரப்பல் எவ்வளவு நேரம் என்பதையும் அட்டையில் போடுங்கள். 12 டெராபைட் வட்டு, நொடிக்கு 180 மெகாபைட் என்றால் ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம், அதுவும் வேறு வேலையே இல்லாதபோது. பணிமாற்றத்தில் வருபவர் ‘இன்னும் முடியவில்லையே, மாட்டிக்கொண்டது’ என்று மறுதொடக்கம் கொடுக்காமல் இருக்க இது உதவும். கெர்னலின் இயல்பு வேக வரம்புகள் வட்டுக்கு நொடிக்கு 1,000 முதல் 2,00,000 கிலோபைட் வரை. சுமை இருந்தால் கீழ்வரம்பை நோக்கி இறங்கிவிடும்.

இன்னொன்று, நான்கு 12 டெராபைட் வட்டுகளில் ரெய்டு 5 போட்டால் ஒன்று போனதும் மீதி மூன்றிலும் 36 டெராபைட் படிக்க வேண்டும். பல வட்டுகளின் விவரத்தாளில் 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிக்கவியலாப் பிழை என்று இருக்கும். அது 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. அப்படியானால் மீள்நிரப்பல் தோற்பது உறுதி.

நிலைவட்டு | பதிவு 10

உறுதி என்று எழுதாதீர்கள். அந்த எண் தயாரிப்பாளர் தரும் மேல்வரம்பு. நல்ல நிலையில் இருக்கும் வட்டில் 36 டெராபைட்டைப் பிழையே இல்லாமல் படிப்பது அன்றாடம் நடக்கிறது. பெரிய வட்டுகளுக்கு ரெய்டு 6 அல்லது 10 என்ற முடிவு சரிதான். காரணம் வேறு: அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் துணை இல்லை. பல மாதமாக யாரும் படிக்காத பகுதியில் பதுங்கியிருந்த பழுது அப்போதுதான் பிழையாக வெளிவரும். செம்பியன் பிரித்துச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

அதற்கு மருந்து ‘ஸ்க்ரப்’. ‘தேய்த்தல்’ என்று எழுதிவிடாதீர்கள், ‘ரோந்து’ என்று வைக்கலாம். சில ரெய்டு அட்டைகளே ‘பட்ரோல் ரீட்’ என்றுதான் சொல்கின்றன. வட்டு முழுவதும் சுற்றி வந்து ஒவ்வொரு செக்டாரையும் படித்து, படிக்க முடியாததை மற்ற வட்டுகளிடமிருந்து கணக்கிட்டுத் திரும்ப எழுதும். டெபியன் லினக்ஸில் மென்ரெய்டு ரோந்து மாதத்தின் முதல் ஞாயிறு ஓடும்; இசட்எஃப்எஸ் ரோந்து இரண்டாம் ஞாயிறு. அன்று வட்டு விளக்குகள் ஓயாமல் மின்னுவது பழுதல்ல என்று அட்டையில் ஒரு வரி போடுங்கள்.

‘பேரிட்டி’க்கு ‘சமநிலை’ என்று எழுதுவதை நிறுத்தலாம். அது ஒற்றைப்படை இரட்டைப்படைக் கணக்கு. மூன்று வட்டில் 1011, 0110, 1100 இருக்கின்றன. நிரல் நிரலாக 1களை எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. விடை 0001. அது நான்காவது வட்டில். இரண்டாவது வட்டு போய்விட்டால் 1011, 1100, 0001 மூன்றையும் அதேபோல் எண்ணுங்கள், 0110 திரும்ப வரும். ‘ஒற்றையிரட்டைப் பிட்’ என்றாலே இவ்வளவும் விளங்கும்.

செம்பியன் | பதிவு 11

நினைவகத்துக்கும் அதே கணக்கின் வளர்ந்த வடிவம்தான். ஈசிசி (பிழை திருத்தும்) நினைவகத்தில் 64 தரவு பிட்டுக்கு 8 சரிபார்ப்பு பிட், மொத்தம் 72. ஒரு பிட் புரண்டால் திருத்தும். இரண்டு புரண்டால் கண்டுபிடிக்கும், திருத்தாது. ‘கரெக்டபிள் எரர்’ என்பதைத் ‘திருத்தத்தக்க பிழை’ என்று எழுதினால் நாம்தான் திருத்த வேண்டும் என்று தோன்றும். ‘திருத்திவிட்ட பிழை’, ‘திருத்தவியலாப் பிழை’ என்று எழுதுங்கள்.

திருத்திவிட்ட பிழை எப்போதோ ஒன்று வந்தால் குறித்து வை, போதும். ஒரே டிம்மில் (நினைவகப் பலகை) நாள்தோறும் ஏறினால்: சர்வரை அணை, அந்த டிம்மை நலமான இன்னொன்றோடு இடம் மாற்று, தொடங்கிப் பார். பிழை டிம்மோடு போனால் டிம் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் பழுது செருகுவாயிலோ செயலி ஊசியிலோ இருக்கிறது. புது டிம் வாங்கிப் பயனில்லை. லினக்ஸில் ‘ஈடேக்’ காட்டும் நினைவகப் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள்.

டிடிஆர்5 வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள். எல்லா டிடிஆர்5 சில்லுக்குள்ளும் ஈசிசி உண்டு என்பது உண்மை. அது சில்லுக்குள் நடக்கும் பிழைக்கு மட்டும். சில்லிலிருந்து செயலிக்கு வரும் வழியை அது காக்காது. சர்வருக்கு வேண்டியது அதற்கான கூடுதல் சில்லுகளோடு வரும் டிம்.

வடலி | பதிவு 12

கணுக்கூட்டத்துக்கு, அதாவது ஒரே வேலைக்குச் சேர்ந்து நிக்கிற வழங்கிகளுக்கு, என்ர பரிந்துரை; ஒவ்வொரு வழங்கியும் ஒரு கணு. திட்டமிட்டு வேலையை மற்றக் கணுவுக்குக் குடுக்கிறது ‘பொறுப்பு ஒப்படைப்பு’. ஒண்டு விழுந்ததால மற்றது எடுக்கிறது, அதாவது ‘ஃபெயில்ஓவர்’, ‘பொறுப்பேற்பு’. கந்தோரில ஆள் மாறேக்க வழங்கிற சொல்லுகள்தான், ஆருக்கும் விளக்கத் தேவையில்லை.

‘ஸ்பிளிட் பிரெய்ன்’ எண்டதுக்கு ‘மூளைப் பிளவு’ வேண்டாம், ‘இரட்டைத் தலைமை’. இடையில உள்ள வலை அறுந்து, இரண்டு கணுவும் மற்றது செத்துப்போச்சு எண்டு நினைச்சு ஒரே வட்டில எழுதினால் தரவு சிதையும். அதைத் தடுக்கிறது கோரம். இலங்கையில கூட்ட நடப்பெண் எண்டு சொல்லுவம். பாதிக்கு மேல ஒண்டு: ஐந்து கணுவுக்கு மூண்டு, மூண்டுக்கு இரண்டு. இரண்டு கணு மட்டும் உள்ள இடத்தில இந்தக் கணக்கு உதவாது, வாக்குப் போட மூண்டாவது சின்னப் பெட்டி ஒண்டு வேணும்.

‘ஃபென்சிங்’ எண்டதை ‘வேலி’ எண்டு சொல்லாமல் ‘முடக்கல்’ எண்டு சொல்லுவம். வரிசை முக்கியம்: முதலில எதிர்க் கணுவை முடக்கு, முடங்கினது உறுதியாகட்டும், பிறகுதான் பொறுப்பேற்பு.

மின்தடம் | பதிவு 13

அந்த உறுதி வராமல் போகும் இடம் ஒன்று உண்டு. முடக்கல் கட்டளை சர்வரின் பிஎம்சி (தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் சிறு கணினி) வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது. பிஎம்சிக்கு மின்சாரம் அதே சர்வரின் மின்வழங்கியிலிருந்து. சர்வர் மின்சாரம் முழுதும் போய்ச் செத்தால் பிஎம்சியும் பதில் சொல்லாது. முடங்கியதா என்று தெரியாமல் மற்றக் கணு பொறுப்பேற்காமல் காத்துக்கொண்டே இருக்கும். எனவே இரண்டாம் நிலையாகப் பீடியுவின் செருகுவாயையே அணைக்கும் முடக்கலை அமையுங்கள். இரண்டு கம்பி என்றால் இரண்டு செருகுவாயையும் அணைத்த பிறகே எதையும் திரும்பப் போட வேண்டும்.

எழில்நிரல் | பதிவு 14

‘பேக்கப்’ என்ற சொல்லையும் பட்டியலில் சேருங்கள். ‘பேக்கப் எவ்வளவு நேரம் வரும்?’ என்று கேட்டால் நம்மூரில் யூபிஎஸ் பேட்டரியைக் கேட்கிறார்கள். ‘பேக்கப் இருக்கா?’ என்றால் இரண்டாவது சர்வரைக் கேட்கலாம். மூன்றாவதாகத்தான் தரவின் படி. அட்டையில் ‘பேட்டரி நேரம்’, ‘மாற்றுக் கணு’, ‘காப்புப்படி’ என்று மூன்றாகப் பிரியுங்கள். ரெய்டு காப்புப்படி ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பை அது எல்லா வட்டிலும் ஒரே நொடியில் அழித்துவிடும்.

‘பழுது தாங்கும்’ என்பதையும் ‘ஹை அவைலபிலிட்டி’யையும் கலக்க வேண்டாம். 1976இல் வந்த டாண்டெம் நான்ஸ்டாப், பிற்பாடு ஸ்ட்ராடஸ் போன்ற பொறிகளில் ஒரு பாகம் போனாலும் நடக்கும் வேலை தொடர்ந்து ஓடும். கணுக்கூட்டத்தில் பொறுப்பேற்பு முடியும்வரை சில நொடியோ நிமிடமோ சேவை நிற்கும். அதை ‘விரைந்து மீளும்’ என்று சொல்லுங்கள். ஆண்டுக்கு 99.99 விழுக்காடு என்று வாக்களித்தால் கையில் இருப்பது மொத்தம் 52 நிமிடம் சொச்சம், பொறுப்பேற்பு நேரமும் அதற்குள்தான்.

டாண்டெமில் இருந்த ஜிம் கிரே 1985இல் எழுதிய அறிக்கையில், அந்தப் பொறிகள் நின்றுபோனதற்கு நிர்வாகப் பணிகள் 42 விழுக்காடு காரணம், வன்பொருள் 18 விழுக்காடுதான். பராமரிப்பும் இயக்குபவர் கையும் அந்த 42க்குள் வருகின்றன. கூடம்12 தயாரிக்கும் அட்டை வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

கூடம்12 | பதிவு 15

எல்லாருக்கும் நன்றி. ஒரு திருத்தத்தோடு வட்டுப் பக்கத்தை இப்படி அச்சிடப் போகிறேன்: ‘விலக்கு’ படிக்கும் ‘உருவு’ படிக்கும் இடையில் ஒரு தடித்த கோடு. கோட்டுக்கு மேல் உள்ளதெல்லாம் விசைப்பலகையில், கீழே உள்ளது கையால். கோட்டைத் தாண்டும் முன் நிரப்ப ஒரு கட்டம்: திரையில் உள்ள வரிசை எண்ணின் கடைசி நான்கு, தட்டில் உள்ள கடைசி நான்கு. இரண்டையும் பேனாவால் எழுதாமல் உருவக் கூடாது.

நிலைவட்டு | பதிவு 16

அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று: ‘மற்ற எல்லா வட்டுக்கும் யூ இருக்கிறதா?’ ரெய்டு 5இல் ஏற்கெனவே ஒன்று குறைந்திருந்து, விளக்கு வேறொன்றில் எரிந்தால், எண் ஒத்துப்போனாலும் உருவக் கூடாது. மேலதிகாரியை எழுப்புங்கள்.